கோகோபீட்டில் செடி சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

லெட்டூஸ் இலை ஓரம் கருகினாலோ தக்காளி நாற்று வெளிறினாலோ, மண்ணில்லாமல் உரத் தண்ணீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸில் புதிதாக இறங்கியவர்கள் முதலில் கை வைப்பது உரக் கரைசலில்தான். இரண்டு பாகமாக வரும் உரத்தில் ஏ கரைசலில் இன்னும் கொஞ்சம், பி கரைசலில் இன்னும் கொஞ்சம் என்று கூட்டிப் பார்ப்பார்கள், இலை இன்னும் மோசமாகும். செடி நிற்பது தேங்காய் மட்டைத் தூளான கோகோபீட்டில் என்றால் தயவுசெய்து உரத்தை உடனே தொடாதீர்கள். அந்தக் கோகோபீட்டை எப்படி ஊற வைத்தீர்கள், எத்தனை தடவை அலசினீர்கள், கால்சியம் ஏற்றினீர்களா இல்லையா என்று யோசியுங்கள், பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.

பலர் நினைப்பது போல கோகோபீட் வெறும் சக்கை இல்லை. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் இருக்கின்றன, நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளிலும் அவை அப்படியே வருகின்றன. கேரளத்தில் மட்டையைக் காயலில் ஊறப்போட்டு நார் எடுப்பது பழைய வழக்கம், அந்தத் தூளில் உப்பு இன்னும் கூடுதல். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் மில்லில் அடித்து எடுக்கும் தூளில் காயல் உப்பு இருக்காது, ஆனாலும் மட்டையின் சொந்த உப்பு இருக்கும். மண்ணோடு கலந்து மாடித்தோட்டத் தொட்டியில் போடும்போது இது பெரிதாகத் தெரியாது, மண்ணும் தொழுவுரமும் தாங்கிக்கொள்ளும். ஹைட்ரோபோனிக்ஸில் வேருக்கும் இந்தத் தூளுக்கும் நடுவில் வேறு எதுவும் கிடையாது, அதனால் தயாரிப்பில் விட்ட குறை நேராக இலையில் வந்து தெரியும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்தச் சோதனை

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைப் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வேண்டும், பேனா மாதிரி இருக்கும் மலிவான மீட்டரே போதும். ஒரு கப் ஈரமான கோகோபீட்டை அழுத்தாமல் அள்ளுங்கள். அதே கப்பால் ஒன்றரை கப் ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். நன்றாகக் கிளறி அரை மணி நேரம் விட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி, வடிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில்தான் வரும், அது மட்டையில் இருக்கும் டானின், நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஊற்றும் தண்ணீரையே முதலில் மீட்டரில் பார்த்து அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அதைக் கழித்துவிடுங்கள்.

மீதி வருவது 250 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் அலசியது சரி. 250க்கும் 500க்கும் நடுவில் இருந்தால் இன்னும் ஒரு தடவை அலசலாம். 500க்கு மேல் போனால் அந்தக் கோகோபீட்டில் நாற்று வைக்கவே வேண்டாம். இசி (தண்ணீரில் மின்சாரம் பாயும் அளவு) என்று காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு 500 பிபிஎம் என்பது 1.0 மில்லி சீமென்ஸ். சில மீட்டர்கள் அதே 1.0 இசியை 700 பிபிஎம் என்று காட்டும், அதனால் உங்கள் மீட்டர் எந்தக் கணக்கில் போகிறது என்று அதோடு வந்த சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டால் பேச்சு எங்கேயோ போய்விடும்.

போர்வெல் தண்ணீரில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தண்ணீரே 800, 1000 காட்டும் ஊர்களில் கோகோபீட்டின் உப்பு அதில் மூழ்கிப்போகும்.

கட்டி விரியவில்லை, நடுவில் கல் மாதிரி நிற்கிறது

கோகோபீட்டைக் காயவைத்து இறுக்கி அழுத்திய கட்டியாகத்தான் விற்பார்கள். 5 கிலோ கட்டி முழுதாக விரிய 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும், விரிந்த பிறகு 70 லிட்டர் அளவுக்கு வரும். 650 கிராம் செங்கல் அளவுக் கட்டிக்கு நாலு லிட்டர் போதும், எட்டு ஒன்பது லிட்டர் கிடைக்கும். பெரும்பாலும் தப்பு பாத்திரத்தில்தான் இருக்கிறது, 20 லிட்டர் பக்கெட்டில் 5 கிலோ கட்டியைத் திணித்தால் அது எங்கே போய் விரியும். பெரிய டப்பிலோ, தரையில் தார்ப்பாய் விரித்தோ வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் சீக்கிரம் விரியும். ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேலே உதிர்வதைக் கையால் ஒதுக்கிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். சுத்தியலாலோ கடப்பாரையாலோ உடைக்க வேண்டாம். உடைத்தால் நார் நொறுங்கித் தூளாகிவிடும், அந்தத் தூள் பிறகு வேரில் தண்ணீரைத் தேக்கும்.

ஊறியது போதுமா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி நடுவில் பிய்த்துப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறத்தில் காய்ந்த சில்லு தெரிந்தால் ஊறவில்லை. அந்தச் சில்லுக்குள் உப்பும் அப்படியே உட்கார்ந்திருக்கும், எவ்வளவு அலசினாலும் வராது, ஒரு வாரம் கழித்துப் பைக்குள் மெதுவாகக் கரையும்.

விதை முளைக்கவில்லை, முளைத்ததும் நுனி கருகுகிறது

இதில் முதல் சந்தேகம் உப்பு. மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு, கூடவே கடுகை வைத்து இன்னொன்றும் பாருங்கள். ஒரு டப்பாவில் உங்கள் கோகோபீட், இன்னொன்றில் ஈரமான டிஷ்யூ பேப்பர், இரண்டிலும் ஒரே பாக்கெட் கடுகைத் தூவி மூடி வையுங்கள். மூன்று நாலு நாளில் தெரிந்துவிடும். டிஷ்யூவில் வெள்ளை வேர் நீளமாக ஓடியிருக்க, கோகோபீட்டில் வேர் குட்டையாகி நுனி பழுப்பாக இருந்தால் குறை கோகோபீட்டில். இரண்டிலும் ஒழுங்காக முளைத்திருந்தால் உங்கள் லெட்டூஸ் விதை பழையதாக இருக்கலாம், அல்லது வெயில் அதிகமாக இருக்கலாம். லெட்டூஸ் விதை 30 டிகிரிக்கு மேல் முளைக்கவே தயங்கும், சித்திரை வைகாசியில் சென்னை மொட்டை மாடியில் அதை முளைக்க வைப்பது பெரும்பாடு.

முளைத்த நாற்று தண்டு அடியில் மெலிந்து, தண்ணீர் கோத்தது போல ஆகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். அதற்கு முதல் காரணம் உப்பு இல்லை, ஈரம் அதிகம், காற்று குறைவு. குழித்தட்டில் நிரப்பும் கோகோபீட்டைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது.

இலை ஓரம் கருகுகிறது, மேலே வெள்ளையாகப் படிகிறது

பழைய இலைகளின் ஓரமும் நுனியும் காய்ந்து பழுப்பாகி, கோகோபீட்டின் மேல் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது மட்டையின் உப்பாகவும் இருக்கலாம், நீங்கள் ஊற்றிய உரமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது: நீங்கள் ஊற்றும் கரைசலை அளந்துகொள்ளுங்கள், ஊற்றிய பிறகு பையின் அடியில் வடிவதைத் தட்டில் பிடித்து அதையும் அளந்துகொள்ளுங்கள். செடி வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் வடியும் தண்ணீர் ஊற்றுவதைவிட வெகு அதிகமாகக் காட்டுகிறது என்றால் கோகோபீட்டை ஒழுங்காக அலசவில்லை. முதலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, வாரம் போகப் போக வடிவது ஏறிக்கொண்டே வந்தால் உரம் தேங்குகிறது.

இரண்டாவது வகையில், ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை அடியில் வடிந்து போகும்படி ஊற்ற வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று மேலே மட்டும் நனைத்து விடுபவர்களுக்குத்தான் இந்த வெள்ளைப் பொருக்கு வருகிறது. ஏற்கெனவே சேர்ந்ததைக் கழுவ வெறும் தண்ணீரை விடாமல், வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவு கரைத்த உரத் தண்ணீரை விடுங்கள், வடிவது இறங்கும்வரை. வெறும் தண்ணீர் வேரைச் சுற்றிக் கரைந்திருக்கும் கால்சியத்தையும் சேர்த்துக் கொண்டு போய்விடும்.

முதல் வகை என்றால் செடி சின்னதாக இருக்கும்போதே எடுத்து, கோகோபீட்டைத் திரும்ப அலசிவிட்டு நடுவது நல்லது. அலசுவதற்கு வெங்காய மூட்டை வலை அருமையான சாமான். வலைக்குள் பழைய வேட்டித் துணி ஒன்றைப் போட்டு, அதில் ஊறிய கோகோபீட்டை நிரப்பி, டப்பில் முக்கித் தூக்கி வடிய விடுங்கள். தூக்கும்போது ஒரு தடவை அழுத்திப் பிழிந்தால் உப்பு இன்னும் நன்றாக வெளியே வரும், முதல் தண்ணீரில் மெல்லிய நுரையே கட்டும். இரண்டு மூன்று தடவை புதுத் தண்ணீரில் செய்தால் பெரும்பாலான கட்டிகள் 250க்குக் கீழே வந்துவிடும். எண்ணிக்கையை நம்பாமல் மீட்டரை நம்புங்கள், சில கட்டிகள் ஒரு தடவையிலேயே வரும், சில அஞ்சு தடவை கேட்கும்.

அலசிய தண்ணீரை ரோஜாத் தொட்டியிலோ கீரைப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். வீட்டில் தென்னை இருந்தால் அதன் அடியில் ஊற்றலாம், தென்னைக்குப் பொட்டாசியமும் குளோரைடும் வேண்டியவைதான், உப்பையும் தாங்கும். வீட்டளவில் இது சின்ன விஷயம். ஆனால் பொள்ளாச்சி வட்டாரத்தில் டன் கணக்கில் கோகோபீட் அலசும் தண்ணீர் கிணறுகளைக் கெடுக்கிறது என்று விவசாயிகள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள், நாம் வாங்கும் ஒவ்வொரு அலசிய கட்டிக்குப் பின்னாலும் அந்தத் தண்ணீர் எங்கேயோ போயிருக்கிறது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இளம் இலை சுருண்டு கோணலாக வருகிறது, தக்காளி அடியில் கறுக்கிறது

புதிதாக இறங்கியவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலசினீர்கள், மீட்டர் 150 காட்டியது, உரமும் சரியான அளவில்தான் கொடுக்கிறீர்கள். பழைய இலைகள் பச்சையாக நன்றாக இருக்கின்றன. ஆனால் நடுவில் வரும் இளம் இலை முழுதாக விரியாமல் ஓரம் உள்ளே மடிந்து, நுனி கொக்கி மாதிரி வளைந்து, ஓரத்தில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். தக்காளி, குடைமிளகாய் என்றால் காயின் அடிப்பக்கம் தோல் போல அமுங்கிக் கறுக்கும். இது கால்சியம் பற்றாக்குறையின் முகம். உரத்தில் கால்சியம் இருந்தும் செடிக்குப் போய்ச் சேரவில்லை, நடுவில் கோகோபீட் பிடித்துக்கொள்கிறது.

கோகோபீட்டில் உப்பு இரண்டு விதமாக இருக்கிறது. தூளுக்கு இடையில் தண்ணீரில் கரைந்து மிதப்பது ஒன்று, தூளின் மேலேயே மின்னூட்டத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் இன்னொன்று. பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர்கள் தாமாக இறங்கிவிடுவார்கள், சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்ப வேறு ஆள் வந்து அந்த இடத்தைக் கேட்க வேண்டும். தண்ணீரால் அலசினால் நிற்பவை மட்டும்தான் இறங்கும். ஒட்டியிருப்பதை எழுப்பக் கால்சியம் வேண்டும். அதை நீங்கள் முன்கூட்டியே கொடுக்கவில்லை என்றால், செடிக்காக ஊற்றும் உரத்தில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கோகோபீட் வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வேரிடம் தள்ளும்.

இதை டிடிஎஸ் மீட்டர் காட்டாது, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்தத்தைத்தான் அளக்கிறது, ஒட்டியிருப்பதை அளப்பதில்லை, எந்த உப்பு என்றும் சொல்வதில்லை. பாக்கெட்டில் லோ இசி என்று போட்டிருந்தால் அலசியது என்று மட்டும்தான் அர்த்தம். கால்சியம் ஏற்றியது என்றால் பஃபர்டு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், விலையும் கூடுதலாக இருக்கும். போடவில்லை என்றால் நீங்கள் செய்ய வேண்டும்.

செய்யும் முறை எளிது. அலசி வடிகட்டிய 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட். 650 கிராம் கட்டிக்கு 12 முதல் 15 கிராம். உரக்கடையில் கேட்கும்போது போரான் கலக்காதது என்று கேட்டு வாங்குங்கள், போரான் கலந்ததும் அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும், இந்த அளவுக்குப் போரான் சேர்ந்தால் செடிக்கு ஆகாது. முதலில் ஒரு மக்கில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக் கரையுங்கள், கரையும்போது மக்கு சில்லென்று ஆகும், அது இயல்புதான். அதை 20, 25 லிட்டர் தண்ணீரில் கலந்து கோகோபீட் முங்கும்படி ஊற்றி இரவு முழுக்க விட்டுவிடுங்கள், ஒரு நாள் விட்டாலும் நல்லது. இடையில் இரண்டு தடவை அடி மேலாகக் கிளறுங்கள். காலையில் வடித்துவிட்டு நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள், எழுந்து வந்த சோடியமும் பொட்டாசியமும் அப்போது வெளியே போகும். அந்தக் கடைசி அலசலை விட்டுவிட்டால் செய்த வேலை பாதியில் நிற்கும்.

எப்சம் சால்ட்டையும் (மெக்னீசியம் சல்பேட்) கூடவே போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். இந்த அடர்த்தியில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சமாகப் படிய வாய்ப்பு இருக்கிறது, அதனால் மெக்னீசியத்தைப் பிறகு உரத்தோடு கொடுத்துக்கொள்ளுங்கள். முட்டை ஓட்டுத் தூள், சுண்ணாம்பு, சாக்பீஸ் இதெல்லாம் இந்த வேலைக்கு உதவாது. அவை ஒரே இரவில் கரைவதில்லை, சுண்ணாம்பு பிஎச்சையும் (அமில, காரத் தன்மையின் அளவு) ஏற்றிவிடும்.

செடி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தால்? பிடுங்க வேண்டாம். ஒரு லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் மட்டும் கரைத்து, வழக்கமான உரத்துக்குப் பதிலாக ஒரு நாள் நிறைய வடியும்படி ஊற்றுங்கள், மறுநாள் வழக்கமான உரம், இப்படி மாற்றி மாற்றி ஒரு வாரம். வளைந்த இலை நேராகாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுத்து வரும் இலையைப் பாருங்கள். அது ஒழுங்காக விரிந்தால் வழிக்கு வந்துவிட்டது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெட்டூஸில் உள் இலை நுனி கருகுவது எப்போதும் கோகோபீட்டின் குற்றம் ஆகாது. காற்றே இல்லாமல் புழுக்கமான இடத்தில் செடி வேகமாக வளர்ந்தாலும், நடு இலை வரைக்கும் கால்சியம் ஏறுவதில்லை. சின்ன மின்விசிறி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த முடிவுக்கு வாருங்கள். தக்காளிக் காய் கறுப்பதும் அப்படித்தான், ஒரு நாள் காயவிட்டு ஒரு நாள் மூழ்கடித்தால் கால்சியம் ஏற்றிய கோகோபீட்டிலும் கறுக்கும்.

மஞ்சள்: எந்த இலை, எந்த இடம்?

மஞ்சள் என்று மட்டும் சொன்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடி இலைகளில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. கால்சியம் ஏற்றாத கோகோபீட் இதையும் பிடித்துக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் எப்சம் சால்ட் கரைத்து மாலையில் இலையில் தெளித்துப் பார்க்கலாம், உரத்திலும் கொஞ்சம் கூட்டலாம்.

மேலே இளம் இலைகளில் அதே மாதிரி நரம்பு பச்சை, மற்றது மஞ்சள் என்றால் இரும்பு. இரும்பு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் பிஎச் ஏறியது. நல்ல கோகோபீட்டின் பிஎச் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்கும், ஆனால் நம் போர்வெல் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் அதை நாளுக்கு நாள் மேலே இழுக்கும். கரைசலை 5.8 முதல் 6.2க்குள் வைத்திருங்கள், வடியும் தண்ணீரின் பிஎச்சையும் வாரம் ஒரு தடவை பாருங்கள். உரத்தைக் கலந்த பிறகுதான் பிஎச்சைச் சரிசெய்ய வேண்டும், கலக்கும் முன் செய்தால் உரம் அதை மறுபடி மாற்றிவிடும். எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் அமிலம் ஓரிரு நாள்தான் தாங்கும், தொடர்ந்து செய்பவர்கள் பாஸ்பாரிக் அமிலம்தான் வைத்திருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதீர்கள்.

மொத்தச் செடியும் வெளிறி, வளராமல் நின்றால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஒன்று, பசி. கோகோபீட்டில் செடி வளரப் போதுமான சத்து கிடையாது, இரண்டாவது ஜோடி இலை வருவதற்குள் மெல்லிய உரக் கரைசல் தொடங்க வேண்டும், நாற்றுக்கு 0.8 இசி போதும். இன்னொன்று, தூள் மிகவும் புதியது. மில்லில் இருந்து நேராக வந்த புதுத் தூள் பொன்னிறமாக இருக்கும், அதில் கார்பனும் நைட்ரஜனும் கிட்டத்தட்ட நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பதால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் செடியின் நைட்ரஜனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பல மாதம் கிடந்து முதிர்ந்த தூள் காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும், வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுக்கும் முறையில் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கி மக்க வைத்த நார்க்கழிவு உரம் வேறு, நாம் பேசும் கோகோபீட் வேறு. அது வயலுக்கும் தொட்டிக்கும் அருமையான உரம். ஹைட்ரோபோனிக்ஸ் பையில் போட்டால் தண்ணீர் தேங்கும், குழாய் அடைக்கும்.

எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, சாக்கடை வாடை

கையை உள்ளே விட்டு அடியில் இருந்து ஒரு பிடி எடுத்து முகருங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் பிரச்சினை இல்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றே போகாமல் வேர் மூச்சுத் திணறுகிறது. வேரைப் பாருங்கள், வெள்ளையாக இருக்க வேண்டியது பழுப்பாகி, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு நடு நூல் மட்டும் நின்றால் வேரழுகல்.

காரணம் பெரும்பாலும் மாவு போன்ற தூள். அடுத்த தடவை பையில் நிரப்பும் முன் கோதுமை மாவு சல்லடையைவிடக் கொஞ்சம் பெரிய கண் உள்ள சல்லடையில் காய்ந்த தூளைச் சலித்து, மாவை ஒதுக்கிவிடுங்கள். பெர்லைட் (சூட்டில் பொரிந்த, எடையில்லாத வெள்ளைப் பாறைத் துகள்) மூன்றில் ஒரு பங்கு கலந்தால் நல்ல மாற்றம் தெரியும். பெர்லைட் விலை கட்டவில்லை என்றால் மட்டையைச் சின்னத் துண்டுகளாக வெட்டிய கோகோ சிப்ஸ் கலக்கலாம், ஆனால் அதையும் அதே மாதிரி அலசிக் கால்சியம் ஏற்ற வேண்டும், துண்டு தடிமனாக இருப்பதால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஊற வேண்டும். பையில் ஓட்டை பக்கவாட்டில் மட்டும் இருந்தால் அடியில் தண்ணீர் தங்கும், அடியிலும் போடுங்கள். பையைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். நிரப்பும்போது கையால் குத்தி அமுக்காதீர்கள், பையைத் தூக்கி இரண்டு தடவை தட்டினால் போதும்.

உரத் தொட்டித் தண்ணீர் பழுப்பாகி, பம்ப் அடைக்கிறது

கோகோபீட் நிரப்பிய நெட் பாட்டை (ஓட்டைகள் உள்ள சின்னத் தொட்டி) அப்படியே உரத் தண்ணீர் ஓடும் குழாய் அமைப்பில் வைத்தால் இது வரத்தான் செய்யும். பழுப்பு நிறம் கெடுதல் இல்லை, தூள்தான் கெடுதல், சொட்டு முனையிலும் பம்ப் வலையிலும் போய் உட்காரும். நாற்றை மட்டும் கோகோபீட்டில் வளர்த்து, வேர் நன்றாகக் கட்டிய பிறகு மெல்லிய துணியில் சுற்றி நெட் பாட்டில் வைத்துச் சுற்றிலும் சுட்ட களிமண் உருண்டைகளைப் போடலாம். முழுக்கக் கோகோபீட்டில்தான் வளர்க்க ஆசை என்றால் முதல் பயிருக்கு, வடியும் தண்ணீரையே திரும்ப ஏற்றும் சுழற்சி முறையே வேண்டாம், பையில் ஊற்றி வடிவதை வெளியே விட்டுவிடுங்கள். சுழற்சியில் மட்டையின் சோடியம் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும்.

பச்சைப் படிவு, காளான், சின்னக் கொசு

மேலே பச்சையாகப் படிவது பாசி, வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் வரும், மேல் பரப்பைக் கறுப்பு பிளாஸ்டிக்காலோ சிப்ஸாலோ மூடினால் போய்விடும். குட்டிக் குடையாகக் காளான் முளைத்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது, பிடுங்கிப் போடுங்கள், சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும்போது கிளம்பும் சின்னக் கறுப்புக் கொசுதான் கவனிக்க வேண்டியது, அதன் புழு இளம் வேரைத் தின்னும். மேல் ஒரு அங்குலத்தைக் காயவிட்டு ஊற்றுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறியைச் செடியின் உயரத்துக்கு மேலே இல்லாமல் கோகோபீட் மட்டத்திலேயே வையுங்கள், கொசு அங்கேதான் பறக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் மறுபடி அதே அறிகுறி

அப்போது தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். அபார்ட்மெண்ட் வீடுகளில் உப்பு மூட்டை போடும் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது, அதாவது நீங்கள் இரவெல்லாம் ஊற வைத்துச் செய்த வேலையை ஒவ்வொரு நாளும் தலைகீழாகச் செய்கிறது. குளியலறைக் குழாயில் சாஃப்ட்னர் தண்ணீர், சமையலறையில் வேறு தண்ணீர் என்று இருக்கும் வீடுகளும் உண்டு, எந்தக் குழாயில் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆர்ஓ மெஷினில் இருந்து வெளியே போகும் கழிவுத் தண்ணீரும் வேண்டாம், அதில் உப்பெல்லாம் அடர்ந்து வந்திருக்கும். போர்வெல் தண்ணீர் 500 பிபிஎம்முக்கு மேல் என்றால் மழைத் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். அலசுவதற்குச் சுமாரான தண்ணீர் போதும், கால்சியம் கரைக்கவும் கடைசியாக அலசவும் நல்ல தண்ணீரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பயிர் முடிந்த கோகோபீட்டை மறுபடி பயன்படுத்தலாம், வேரழுகல் வந்த பையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அது ஹைட்ரோபோனிக்ஸுக்கு வேண்டாம், பூந்தொட்டி மண்ணில் கலந்துவிடலாம். மற்றதில் பெரிய வேர்களைப் பொறுக்கி எடுத்து, வெயிலில் பரப்பி ஒரு தடவை காயவிட்டு, முன்பு போலவே அலசி, கால்சியம் நைட்ரேட் பாதி அளவு போட்டு ஊற வையுங்கள். 5 கிலோ கட்டியில் விரிந்த தூளுக்கு 50 கிராம் வரும். இரண்டு மூன்று பயிருக்குப் பிறகு தூள் நொய்ந்து மாவாகிவிடும், கையில் எடுத்தால் நாரே தட்டுப்படாது, அப்போது புதுக் கட்டி வாங்க வேண்டியதுதான்.